‘ஜஸ்ட் பால்ஸ்’ திரையிடப் போகிறவர்களுக்கு

அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டு 1920இல் எடுத்த ‘ஜஸ்ட் பால்ஸ்’ ஐந்து ரீல் ஊமைப்படம். இப்போது கையில் கிடைக்கும் பிரதி ஏறக்குறைய 50 நிமிடம் ஓடும். குதிரைச் சவாரி, சரக்கு ரயில், கொள்ளை, தூக்குக்கயிறோடு திரண்டு வரும் ஊர்க்கூட்டம் என்று வெஸ்டர்ன் படத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் உண்டு. ஆனால் படத்தின் உயிர் அங்கே இல்லை. ஊரே வேலை செய்ய, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதையே வேலையாக வைத்திருக்கும் பிம் என்கிற வெட்டிப்பயலும், ஓடும் ரயிலில் இருந்து பிரேக் பிடிக்கிற ஆளால் தூக்கி எறியப்பட்ட பில் என்கிற பையனும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா இருக்கும் நேரங்களில்தான் இருக்கிறது. திரையிடுகிறவர்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி இந்தச் ‘சும்மா’வைக் கெடுப்பதில் போய் முடியும். வேகம் கூடினால் கெடும். இசை நிறைந்தால் கெடும். வசனத்தை வளவளவென்று மொழிபெயர்த்தாலும் கெடும்.

பிம்மாக நடித்தவர் பக் ஜோன்ஸ். அமெரிக்கக் குதிரைப்படையில் இருந்தவர், சாகசக் கௌபாயாகப் பெயர் வாங்கியவர். அவரை ஃபோர்டு இதில் வேலிக்கம்பத்தில் சாய்ந்து நிற்க வைத்துவிட்டார். ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு ஃபோர்டு செய்த முதல் படம் இது. அப்போது அவருக்கு வயது 26. திரையில் ‘ஜாக் ஃபோர்டு’ என்றுதான் பெயர் வரும். ஜான் ஆனது 1923இல். படம் வெளியானது 1920 நவம்பர். அநாதைப் பையனையும் நாடோடியையும் வைத்துச் சாப்ளின் எடுத்த ‘தி கிட்’ வெளிவந்தது அதற்குப் பிந்தைய ஆண்டின் தொடக்கத்தில். அறிமுக உரையில் “சாப்ளினைப் பார்த்து எடுத்தது” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

இந்தப் படம் பிழைத்ததே அதிர்ஷ்டம்தான். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் இருந்த ஃபாக்ஸ் கிடங்கு தீப்பிடித்து, அந்த நிறுவனத்தின் ஊமைப்படங்களில் பெரும்பகுதி எரிந்து போனது. நைட்ரேட் படச்சுருள் தானாகவே தீப்பற்றும் சரக்கு. பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. ஃபோர்டின் ஊமைப்படங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை.

உரிமை விஷயத்தில் பயம் வேண்டாம், ஒரு இடம் தவிர. அமெரிக்காவில் 1920 படங்களின் காப்புரிமை முடிந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான். கவனிக்க வேண்டியது இசை. டிவிடியிலும் இணையப் பிரதியிலும் கூடவே வரும் இசை பிற்காலத்தில் யாரோ புதிதாக அமைத்தது. அதற்குத் தனி உரிமை உண்டு. ஒலியை முழுதாக அணைத்துவிட்டு உங்கள் இசையைப் போட்டால் அந்தத் தலைவலியும் இல்லை, படமும் நன்றாக இருக்கும்.

இனி வேகம். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 20 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம், வரை எடுப்பது அந்த ஆண்டுகளில் வழக்கம். தியேட்டரில் அதைவிடச் சற்று வேகமாகவே ஓட்டினார்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். ஆயிரம் அடி ரீலுக்கு 16,000 ஃபிரேம். அதை 18 வேகத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட 15 நிமிடம், 20இல் 13 நிமிடம் 20 நொடி, பேசும்படம் வந்தபின் வழக்கமாகிவிட்ட 24இல் 11 நிமிடம் சொச்சம். ஒரே ரீலுக்கு நான்கு நிமிட வித்தியாசம் என்றால் ஐந்து ரீலுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் ஆட்கள் தத்தக்கா பித்தக்கா என்று நடப்பதாக நம் தலைமுறை நினைப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

கையில் இருக்கும் கோப்பு சரியான வேகத்தில் இருக்கிறதா என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். கண் இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். எண்ணிப் பாருங்கள். சாதாரணமாகத் தெருவில் நடக்கும் பெரியவர் ஒருவர் பத்து நொடியில் 18 முதல் 20 எட்டு வைப்பார். திரையில் 25க்கு மேல் வந்தால் வேகம் அதிகம். இதைவிட நம்பகமான சோதனை ஈர்ப்பு விசை. வண்டியிலிருந்தோ திண்ணை போன்ற மேடையிலிருந்தோ ஒருவர் நாலடி உயரம் இறங்கிக் குதிக்கும் ஷாட்டைப் பிடியுங்கள். எந்த நூற்றாண்டானாலும் நாலடி விழ அரை நொடிதான் ஆகும். கால் மேடையை விட்ட ஃபிரேமில் இருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். 12 வந்தால் எடுத்த வேகம் 24. பத்து வந்தால் 20. ஒன்பது என்றால் 18. தொப்பியை வைத்து எண்ணாதீர்கள், காற்று தாங்கிவிடும். எகிறிக் குதிப்பதும் உதவாது, மேலே போகும் நேரம் சேர்ந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. சண்டையையும் துரத்தலையும் கேமராமேன்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி எடுப்பார்கள், திரையில் விறுவிறுப்பாகத் தெரிவதற்காக. ரயிலடிச் சண்டையை அளந்து அதற்கேற்ப முழுப் படத்தையும் இழுத்துவிட்டால் மற்றக் காட்சிகள் எல்லாம் தேன் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அமைதியான காட்சியை அளந்து வேகத்தை முடிவு செய்துவிட்டு, சண்டை வேகமாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் சரி. அது அன்றைய ரசனை, திருத்த வேண்டியதில்லை.

குறைக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் கோப்பை ஏற்கெனவே யாராவது குறைத்திருக்கலாம். விஎல்சி வீடியோ பிளேயரில் ‘ஈ’ (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஐந்து ஃபிரேம் நகர்ந்து ஆறாவது அசையாமல் நின்றால், 20 வேகத்தை 24க்கு நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று நகர்ந்து நாலாவது நின்றால் 18. அப்படி இருந்தால் கை வைக்காதீர்கள். முன்னே சொன்ன குதிக்கும் கணக்கிலும் இந்த நிற்கும் ஃபிரேம்களைச் சேர்த்து எண்ணிவிட்டால் விடை தப்பும். நிற்கும் ஃபிரேம் எதுவும் இல்லாமல் எல்லாம் நகர்ந்து, கோப்பும் 24 ஃபிரேம் கோப்பாக இருந்து, நடையும் வேகமாகத் தெரிந்தால் எடிட்டிங் மென்பொருளில் கிளிப் வேகத்தை 83 சதவீதமாக்குங்கள். அது 20க்குச் சமம். 50 நிமிடம் ஒரு மணி நேரமாகும். 75 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். ‘ஃபிரேம் பிளெண்டிங்’ என்ற வசதியை மறக்காமல் அணையுங்கள். இல்லாவிட்டால் கை அசையும்போதெல்லாம் இரண்டு கை தெரியும். புரொஜெக்டரிலும் டிவியிலும் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். நூறு வருடப் பழைய படம் மெகா சீரியல் மாதிரி தெரிந்தால் குற்றவாளி அதுதான்.

படச் சட்டம் நான்குக்கு மூன்று. புரொஜெக்டர் அதை அகலத்துக்கு இழுத்து நிரப்பப் பார்க்கும். குதிரைகள் எருமைகளாகத் தெரிந்தால் இழுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ‘ஜூம்’ போட்டால் அதைவிட மோசம்: பெரியவன் தலையும் சின்னவன் காலும் போய்விடும். உயரமான ஒருவனும் குட்டையான ஒருவனும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதுதான் இந்தப் படத்தின் அடிப்படைச் சித்திரம். மேலும் கீழும் வெட்டினால் எதைக் காட்டுவீர்கள்? அரங்கில் பதினாறுக்கு ஒன்பது திரை, ஆறடி உயரம் என்றால் அகலம் பத்தடி எட்டு அங்குலம் இருக்கும். படம் அதில் எட்டடியைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மிஞ்சும் ஓரடி நாலங்குலத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள், காடாத் துணியே போதும். சாம்பல் பட்டைகள் மறைந்தவுடன் படத்தின் கறுப்பு ஒரு படி ஆழமாகும். பிக்சர் மோடு ‘சினிமா’வில் இருக்கட்டும். ‘விவிட்’ போட்டால் வெயிலில் நிற்கும் முகங்கள் வெளுத்து, மூக்கும் வாயும் மட்டும் மிஞ்சும்.

இரவுக் காட்சி பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் இரவைப் பகலில்தான் எடுத்தார்கள். பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றி இரவென்று காட்டுவார்கள், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள். சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியில் நட்ட நடுப் பகலில் லாந்தர் பிடித்துக்கொண்டு திரிவது மாதிரி இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். எடிட்டிங்கில் அந்த ஷாட்டுகளுக்கு மட்டும் மெல்லிய நீலம் ஏற்றலாம். அதற்கு நேரமில்லை என்றால் கதை சொல்கிறவர் “ராத்திரி” என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது.

அந்தக் கதைசொல்லி நமக்குப் புதிதல்ல. எடி போலோ என்ற நடிகரின் அமெரிக்கத் தொடர்படங்கள் சென்னை ராஜதானியில் ஓடிய நாட்களில் திரைக்குப் பக்கத்தில் ஆள் நின்று, படத்தின் நடுவே வசனம் எழுதி வரும் அட்டைகளைத் தமிழில் சொல்லி, நடுநடுவே தன் சரக்கையும் சேர்த்து விடுவார். இந்தப் படத்துக்குச் சப்டைட்டிலைவிட அந்த ஏற்பாடே பொருந்தும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைகள் அட்டையில் ஆங்கிலம், கீழே தமிழ் என்று இரண்டு எழுத்தோடு மல்லுக்கட்டுவதற்குள் முகம் போய்விடும். சப்டைட்டிலும் குரலும் சேர்ந்து வேண்டவே வேண்டாம். காதும் கண்ணும் வேறு வேறு வேகத்தில் ஓடி, இரண்டுமே கெடும்.

சப்டைட்டில்தான் வழி என்றால் கோப்பை யூடிஎஃப் 8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். சில பிளேயர்களில் ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுத் தனியாகப் போய் நிற்கும். ‘கொள்ளை’ கோமாளித்தனமாகிவிடும். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதிந்துவிட்டால் பிழை வராது. நீளத்தை எழுத்தெண்ணி முடிவு செய்யாதீர்கள். வாய்விட்டுப் படித்து, எடுக்கும் நேரத்தோடு ஒரு நொடி கூட்டுங்கள். அட்டை நிற்கும் நேரத்துக்குள் அது அடங்கவில்லை என்றால் அட்டையை நீட்ட வேண்டாம், வாக்கியத்தை வெட்டுங்கள்.

மொழிபெயர்ப்பில் இடறும் முதல் கல் தலைப்பே. ‘பால்’ (pal) என்பதற்கு ‘நண்பர்’ என்று போட்டால் ஆண்டுவிழா அழைப்பிதழ் மாதிரி ஆகிவிடுகிறது. ‘சேக்காளி’ அருமையான சொல், தென்மாவட்டங்களில் உடனே பிடிபடும். மற்ற இடங்களில் ‘கூட்டாளி’ பாதுகாப்பு. சென்னையில் ‘தோஸ்த்து’ என்றால் அரங்கம் சிரித்தபடி ஏற்றுக்கொள்ளும். ‘ஜஸ்ட்’டை விட்டுவிடக் கூடாது. ‘வெறும் சேக்காளிங்க’ என்பதில் உள்ள அந்த ‘வெறும்’தான் படம். இவன் அவனுக்கு அப்பன் இல்லை, அண்ணன் இல்லை, முதலாளியும் இல்லை.

அதனால்தான் விளிப்புச் சொல்லில் எச்சரிக்கை தேவை. நம் வாய்க்குப் பையன் பேசும்போது ‘அண்ணே’ தானாக வரும். போட்டுப் பார்த்தால் இனிமையாகவும் இருக்கும். ஆனால் ஒரு ‘அண்ணே’ விழுந்த நிமிடம் உறவு மேல் கீழாக மாறி, பெரியவனுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. படத்தின் சுவையோ இந்தப் பெரியவனுக்குப் பொறுப்பே கிடையாது என்பதில் இருக்கிறது. பையன் பிம்மைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிடட்டும். பிம் அவனை ‘டேய்’ என்னட்டும், அதுவும் சில இடங்களில் மட்டும். பள்ளி ஆசிரியையை இருவருமே ‘டீச்சர்’ என்று சொன்னால் பிம்மின் கூச்சம் தானாக விளங்கும். அவன் அவளை மனதில் வைத்திருப்பவன், நேருக்கு நேர் பெயர் சொல்ல மாட்டான். ஊரார் பிம்மைப் பற்றிப் பேசும் இடங்களில் ‘தண்டச்சோறு’ என்ற ஒற்றைச் சொல் நீள அட்டை ஒன்றின் வேலையைச் செய்துவிடும். அட்டைகளில் பேச்சுக் கொச்சை நிறைய வரும். அதை எழுத்துத் தமிழில் போடுவதும் வேண்டாம், ஏதாவது ஒரு வட்டார வழக்கை முழுக்கப் பூசுவதும் வேண்டாம். கதை நடக்கும் அமெரிக்காவின் வயோமிங் எல்லைக்காரன் கோயம்புத்தூர்க்காரனாகிவிடுவான். எல்லோருக்கும் பொதுவான பேச்சு நடை போதும்.

இசைக்கு வருவோம். அன்று ஸ்டூடியோக்களே எந்த இடத்தில் எந்த மாதிரி வாசிக்க வேண்டும் என்று குறிப்புத் தாள் அச்சிட்டுத் தியேட்டர்களுக்கு அனுப்பும். நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஒலி இல்லாமல் படத்தை மூன்று முறை பாருங்கள். முதல் தடவை எழுதாதீர்கள். இரண்டாம் தடவை நிமிடமும் நொடியும் போட்டு, திரையில் என்ன தெரிந்தால் மாற வேண்டும் என்பதை எழுதுங்கள்: “சோகம்” என்று எழுதி வைத்தால் வாசிப்பவருக்கு உதவாது, “கதவு திறக்கிறது” என்றிருந்தால் உதவும். மூன்றாம் தடவை தேவையற்றவற்றை அடியுங்கள். 25, 30 குறிப்பு மிஞ்சினால் போதும். அறுபது என்றால் வாசிப்பவர் தாளைத்தான் பார்ப்பார், திரையைப் பார்க்க மாட்டார்.

மெட்டு இரண்டே இரண்டு இருந்தால் நல்லது. பிம்முக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. பையனுக்குத் தனி மெட்டு போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பிம்மின் மெட்டையே அவன் வந்தபின் ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் போதும், சேர்ந்துவிட்டார்கள் என்பது காதுக்குத் தெரிந்துவிடும். மவுத் ஆர்கன் இந்தப் படத்துக்கு வாகாக அமையும், கூட ஒரு கிட்டார். ஆர்மோனியம் வைத்தும் செய்யலாம், துருத்தியை மெல்லப் போட்டால். சீட்டியடிக்கும் அந்தப் பிரபல இத்தாலிய வெஸ்டர்ன் இசையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது 1960களின் சங்கதி. ஒலித்த உடனே அரங்கம் துப்பாக்கியை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும், இங்கே நாயகன் கையில் வேலையே கிடையாது.

குளம்படிச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சி இரண்டு போதும், உள்ளே கொஞ்சம் பழந்துணி திணித்தால் மண் தரையில் ஓடும் சத்தம் வரும். ரயிலுக்கு இரண்டு மரக்கட்டைகளில் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்க வேண்டும், நாலுக்கு ஒரு முறை அழுத்தி. ஆனால் குதிரை தெரியும்போதெல்லாம் தட்டாதீர்கள். துரத்தலில் மட்டும் தட்டினால் துரத்தலுக்கு மதிப்பு. யாராவது தடுக்கி விழும்போது ‘டொம்’ என்று அடிப்பதும் அப்படித்தான், மூன்றாம் முறையோடு சலித்துவிடும்.

பிம்மும் பையனும் சும்மா இருக்கும் காட்சிகளில் குறைந்தது ஒன்றில், பதினைந்து நொடி, எதுவும் வாசிக்காதீர்கள். இதைச் சொன்னால் வாசிப்பவர்கள் பதறுவார்கள். எட்டாவது நொடியில் அரங்கில் ஒரு இருமல் வரும், பத்தில் ஒரு நாற்காலி நகரும், அதற்குப் பிறகு எல்லோரும் திரையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். மீண்டும் தொடங்கும்போது ஒற்றைச் சுரத்தில் தொடங்க வேண்டும். வாசிப்பவரைத் திரையின் இடப்பக்கம் சாய்வாக உட்கார வையுங்கள். குறிப்புத் தாளுக்குக் கிளிப் விளக்கு, அதன்மேல் ஆரஞ்சுக் கலர் தாள். வெள்ளை வெளிச்சம் சுவரில் பட்டுத் திரைக்கு வந்துவிடும். மின்விசிறி தாளைப் பறக்க அடிக்கும், துணி கிளிப் இரண்டு கொண்டு போங்கள்.

பிள்ளைகளுக்குப் போடும் முன் பெற்றோரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். பள்ளிப் பணம் காணாமல் போன பழி வந்து ஆசிரியை ஆற்றில் உயிரை விடப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. கடைசிப் பகுதியில் ஊர் கூடிப் பிம்மைத் தூக்கிலிட வருகிறது. எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது. கதைசொல்லி அந்த இடங்களில் குரலை ஏற்றக் கூடாது, அட்டையில் இருப்பதை மட்டும் தட்டையாகச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

அறிமுக உரைக்கு மூன்று நிமிடம். யார் பிம், யார் பில், காசாளர் யார் என்று மூன்று முகத்தைச் சொன்னால் போதும், முடிவைச் சொல்லாதீர்கள். இடைவேளை வேண்டாம். பென்டிரைவ் இரண்டு வையுங்கள். ஃபேட் 32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அரங்கத்தில் போய்க் கண்டுபிடித்தால் நேரம் இருக்காது. படம் முடியும்போது விளக்குப் போடுகிறவருக்கு முன்பே சொல்லி வையுங்கள்: கடைசி அட்டை மறைந்து, வாசிப்பவர் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்த பிறகுதான் சுவிட்ச். ஒரே விசையில் எல்லா டியூப்லைட்டும் எரியும் அரங்கமாக இருந்தால் பின்வாசல் கதவை முதலில் திறக்கச் சொல்லுங்கள்.